லாபம், ரெண்டு, மூணு

தவசிலிங்கம் அண்ணாச்சிக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு ஹெலன் டீச்சருக்கு முப்பத்தொன்பது. எந்தச் சாஸ்திரமும் இதைத் தடுத்ததாகத் தெரியவில்லை.

கனடாவில் கோதுமை வயல்களுக்கு நடுவே ஒரு சிறு நகரம். அங்கே துப்பாக்கி சுடும் கழகத்தில், நாகர்கோவில்காரரான டீச்சர் தோட்டா கட்டக் கற்றுக்கொடுத்தார். சுட்டு முடித்த பித்தளைக் கூட்டில் மறுபடி வெடிமருந்து விட்டு, மேலே குண்டை வைத்து அழுத்துகிற வேலை. அழுத்துகிற கருவிக்குப் பெயர் பிரஸ். தமிழில் அதை என்னவென்று சொல்வது என்று அண்ணாச்சி ஒரு வாரம் தேடிவிட்டுக் கைவிட்டார். "பிரஸ் வாங்கப் போறேன்" என்று விருதுநகருக்கு போனில் சொன்னபோது, மைத்துனர், "காலண்டர் அடிக்கவா அத்தான்?" என்று கேட்டாராம்.

சனிக்கிழமை காலை, மூன்று விலைப்பட்டியல்களைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அண்ணாச்சி வந்தார்.

"டீச்சர், எதை வாங்கலாம்? ஒவ்வொரு வேலையா செய்யுற பிரஸ்ஸா, தலை சுத்துற பிரஸ்ஸா? இல்ல, கைப்பிடியை ஒரு இழு இழுத்தா ஒரு தோட்டா விழுதே, அதுவா?"

"இருக்கிறதுக்கு என்ன குறை?"

"அதுதானே என் மானத்தை வாங்குச்சு."

போன மாதம் நடந்தது அது. மகள் அகிலா சுட்டுக்கொண்டிருந்தாள். தோட்டாக்கள் அப்பா கட்டியவை. ஒன்று மட்டும் 'டொப்' என்றது. குண்டு வெளியே போகாமல் குழலுக்குள் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் அடுத்ததைச் சுட்டிருந்தால் துப்பாக்கி அவள் கன்னத்தருகே பிளந்திருக்கும். சத்தம் சரியில்லை என்று அவளே துப்பாக்கியைத் தாழ்த்திவிட்டாள். அன்றிலிருந்து இரவல் தோட்டாதான். "பரவாயில்லப்பா" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அண்ணாச்சிக்கு.

"பிரஸ் பழசு, காலை வாரிட்டுதுன்னு அவகிட்ட சொல்லியிருக்கேன். புதுசு வந்துட்டா என் தோட்டாவைப் போடுவா. மாகாணப் போட்டிக்கு மூணு வாரம்தான் இருக்கு."

டீச்சர் விலைப்பட்டியல்களைத் தொடவில்லை. ஐம்பது குழி போட்ட மரக்கட்டையில் ஐம்பது வெறும் கூடுகளை நிறுத்தி அவர் முன்னால் வைத்தார்.

"அன்னைக்கு நிரப்பினாப்புல நிரப்புங்க. இந்த மருந்துப் பெட்டிதானே?"

"இதேதான். அன்னைக்குத்தான் மொதத் தடவை. அதுக்கு முன்ன ஒவ்வொண்ணா தராசுல நிறுத்துப் போட்டேன்."

பெட்டியின் நெம்புகோலை ஒருமுறை இழுத்தால் ஓர் அளவு மருந்து விழும். முதல் இழுப்பு கூடக் குறைய வரும். அதைப் பெட்டியிலேயே திருப்பிக் கொட்டிவிட வேண்டும் என்பது டீச்சர் சொல்லிக்கொடுத்த பாடம். அண்ணாச்சி பாடம் தவறாதவர். இழுத்தார். திருப்பிக் கொட்டினார்.

"லாபம்" என்றது வாய்.

பழைய அரிசி மண்டிகளில் ஒன்று என்று யாரும் அளக்கத் தொடங்குவதில்லை. முதல் படி லாபம், அடுத்தது இரண்டு. அண்ணாச்சி மண்டியில் வளர்ந்தவர்.

முதல் கூட்டை எடுத்து மருந்து விட்டார். "ரெண்டு."

"மருந்துக்கும் மண்டி ராகமா அண்ணாச்சி?"

"வாய்ப் பழக்கம் டீச்சர். சிரிக்காதீங்க, எண்ணிக்கை போயிரும்."

"போகுமா?"

"போகாது. லாரி நிறைய மூட்டை ஏத்தையில பேசிக்கிட்டே எண்ணுன வாய் இது."

எண்ணிக்கை போகவில்லை. "ஐம்பது" என்று நிறுத்தி, நெம்புகோலை விட்டுவிட்டு, குண்டுப் பெட்டிக்குக் கை நீட்டினார். டீச்சர் அந்தக் கையில் ஒரு சின்ன டார்ச்சை வைத்தார்.

"ஒவ்வொண்ணா உள்ள பாருங்க."

"அதான் எண்ணி..."

"பாருங்க அண்ணாச்சி."

கூட்டின் கழுத்து குறுகல். வெளிச்சம் போட்டால்தான் உள்ளே தெரியும். வரிசை வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனார். கடைசி மூலைக்கு வந்ததும் டார்ச் அங்கேயே நின்றது. கூட்டின் அடிவரை வெறும் பித்தளை.

"லாபம் எங்க போச்சு?" என்றார் டீச்சர்.

அண்ணாச்சி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். மருந்துப் பெட்டியைப் பார்த்தார்.

"திருப்பிக் கொட்டினதையும் சேத்து எண்ணியிருக்கேன்."

"ஆமா."

"அன்னைக்கும். மருந்து இல்லாம, கூட்டோட அடியில இருக்கிற பொறி மட்டும் வெடிச்சுக் குண்டைப் பாதி வழி தள்ளியிருக்கு."

சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ விட்டு விட்டுச் சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அகிலாதானே?" என்றார் அண்ணாச்சி.

"அவதான்."

"இரவல் தோட்டா அவ துப்பாக்கிக்கு ஒத்துக்கலை டீச்சர்."

"தெரியுது. காலையில பார்த்தேன், எல்லாம் இடது பக்கமாவே போகுது."

அண்ணாச்சி மூன்றாவது விலைப்பட்டியலை எடுத்தார். ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார்.

"இதுல மருந்து விழலைன்னா மணி அடிக்குமாம். இதை வாங்கிட்டா, இந்தக் கதை அவ காதுக்குப் போகவே வேண்டாம்."

"நல்ல பிரஸ். வாங்குங்க."

"பழசு?"

"அதுவும் நல்ல பிரஸ்தான்."

அண்ணாச்சி மடித்த பக்கத்தை நிமிர்த்தினார். மறுபடி மடித்தார்.

"பிரஸ்ஸு இல்லம்மா, நான்தான்னு சொன்னா, என் பிள்ளை அப்புறம் என் தோட்டாவைத் தொடுவாளா டீச்சர்?"

டீச்சர் டார்ச்சை வாங்கி அணைத்தார்.

"பிரஸ்ஸு மேல தப்புன்னு சொல்லி ஒரு மாசமாச்சே அண்ணாச்சி. தொட்டாளா?"