டேங்க் மூடியில் சந்தனப் பொட்டு

அந்த ஊரில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மாநிலம், அந்தப் பக்கம் இன்னொரு மாநிலம். இரண்டு பக்கமும் பெட்ரோல் பங்க் உண்டு. ஒரே லாரிதான் இரண்டிலும் இறக்கிவிட்டுப் போகும். ஆனாலும் இந்தப் பக்கம் வரி அதிகம், அதனால் விலையும் அதிகம். வயிறு எரியாதா? ஷேர் ஆட்டோ ஓட்டுகிற பூங்காவனம் ரோட்டைத் தாண்டிப் போய்த்தான் பெட்ரோல் போடுவாள்.

ஆயுதபூஜை அன்றைக்கு அந்தப் பக்கத்து பங்க்காரர், வந்த வண்டிக்கெல்லாம் டேங்க் மூடியில் சந்தனப் பொட்டு வைத்து அனுப்பினார். அதுவே வினையாகிவிட்டது. மறுநாள் இந்தப் பக்கத்து வரி அதிகாரி காரில் வந்து இறங்கி, பூங்காவனத்தின் ஆட்டோவை மடக்கினார்.

"பொட்டே காட்டிக் கொடுக்குது பார்! அரசாங்கத்தையே ஏமாத்துறியா? அந்தப் பெட்ரோலை ஒரு சொட்டு விடாம வடிச்சுக் கொட்டிட்டு வண்டியை எடு!"

"வடிச்சுடறேன் சார். பொட்டு வச்ச எல்லா வண்டிக்கும் இதே சட்டம்தானே?"

"எவனா இருந்தாலும் இதேதான்!" என்று ஊருக்கே கேட்கக் கத்தினார் அதிகாரி.

பூங்காவனம் மெக்கானிக் கடையில் பக்கெட்டும் டியூபும் வாங்கிக்கொண்டு, நேராக அதிகாரியின் காரிடம் போனாள்.

"நேத்து வரிசையில எனக்கு முன்னாடி நின்ன கார் இதுதானே சார்?"

டேங்க் மூடியை மறைத்திருந்த சின்னத் தகட்டைத் திறந்தாள். உள்ளே மூடியில் பளிச்சென்று சந்தனப் பொட்டு! டிரைவர் தலையைச் சொறிந்தான். கூட்டம் கொல்லென்று சிரித்தது. அதிகாரி காருக்குள் புகுந்து கதவைச் சாத்தப் பார்த்தார்.

அவள் கதவைப் பிடித்துக்கொண்டாள். "நீங்க ரோட்டைத் தாண்டினா சிக்கனம், நான் தாண்டினா திருட்டா சார்?"