கருங்காலி மாப்பிள்ளை, தேக்குப் பொண்ணு

சுடலைக்கண்ணு வாயைத் திறந்தால் மூடுவதற்குத் தனியாக ஆள் வைக்கணும். அன்றைக்குச் செங்கோட்டை மர மில்லில் கரண்ட் போய் ரம்பம் நின்றதுதான் தாமதம், அவர் வாய் ஓட ஆரம்பித்தது. ஓடித்தான் ஆகணும். வெளியே நின்ற வேனில் அவருடைய நர்சரித் தேக்குக் கன்றுகள் பைக்குள்ளேயே வேர் சுருண்டு கிடந்தன. மழையும் முடியப்போகிறது. இன்றைக்கு விற்காவிட்டால் எல்லாம் ஆட்டுக்குத்தான். கதவு நிலைக்கு மரம் அறுக்க வந்த பேச்சிக்கனியோ தோட்டத்தில் குழி வெட்டிவைத்துவிட்டு, தேக்கா வாழையா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். விடுவாரா மனுசன்?

“எல்லாம் வம்சம்தான் தாயி. பட்டைக்கு அடியில ஈரமா ஒரு தோல் இருக்குல்லா, அதுதான் வருசா வருசம் கட்டையை உள்ளுக்குள்ள அடுக்குது. நெருக்கி அடுக்கவா, லேசா அடுக்கவான்னு அதுக்குச் சொல்றது மரபணு. நான் என்ன செஞ்சேன்? நல்ல கருங்காலி ஒண்ணைப் பிடிச்சுத் தேக்குக்குக் கட்டிவச்சேன். பொறந்த பிள்ளை இருக்கே, அப்பன் கனம், ஆத்தா நிறம்!”

“பத்துப் பொருத்தம் பாத்தீரா வே?” என்றார் ரம்பம் ஓட்டுகிற உதுமான் மிஸ்திரி.

“எட்டு இருந்துச்சு, போதும்னுட்டேன். மரங்கொத்தி ஒண்ணு வந்து ஒரே கொத்து, மூக்கு மடங்கிப்போச்சு. பாவம், இப்ப ஊறவச்ச அவலைத் தின்னு காலந்தள்ளுது. ஒரு தடியை லாரியில ஏத்துனோம். முன்சக்கரம் ரெண்டும் அந்தரத்துல! புளியரை வரைக்கும் டிரைவர் வானத்தைப் பாத்துட்டேதான் ஓட்டுனான்.”

“போலீஸ் நிறுத்தலையா வே?”

“கை காட்டுனார். வண்டி அவர் தலைக்கு மேல போயிட்டு.”

பேச்சிக்கனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்கிறவள் வாங்குவாள் என்று சுடலைக்கண்ணுக்குத் தெம்பு வந்துவிட்டது.

“ஒரு குறை உண்டு தாயி, மறைக்க மாட்டேன். கனம் தாங்காம மரம் பூமிக்குள்ள இறங்க ஆரம்பிச்சுட்டு. மேல ஒரு முழம் வளந்தா கீழ ஒரு முழம். கிணறு வெட்டுனவனுக்குக் கிளை தட்டுச்சுன்னா பாத்துக்கிடுங்க. சரின்னு வேகத்துக்கு முருங்கை மரபணு கொஞ்சம் கலந்தேன். காலையில கன்னுல மாட்டைக் கட்டுனேன், சாயங்காலம் மாடு உச்சியில நிக்கி! ஏணி வச்சுத்தான் பால் கறக்கோம்.”

“இறங்குறதுக்குள்ள பால் தயிராயிருமே வே?”

“மோராவே வருதுங்கேன்!”

மிஸ்திரி எழுந்தார். மரத்தில் சந்தேகம் வந்தால் ஒரு சிராயைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுப் பார்ப்பது அந்த மில்லில் வழக்கம். “இவர்ட்ட முன்ன கன்னு வாங்குன மேக்கரை ஊர்க்காரர் ஒருத்தரோட மரம் அறுப்புக்கு வந்து உள்ள கிடக்கு தாயி. கருங்காலி ரத்தம்னா அடியில போய் உக்காரணும்” என்று சிராய் ஒன்றை உரித்துப் போட்டார். அது ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஜம்மென்று மிதந்தது.

சுடலைக்கண்ணு வேனைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். போச்சு, எல்லாம் போச்சு. ஆனால் வாய் கேட்கணுமே!

“கட்டையில என்ன குறை? தண்ணியைப் பாருங்க தாயி! உங்க ஊர்த் தண்ணி மலைப்பாறையை அரிச்சுக்கிட்டு வருதுல்லா, அம்புட்டுக் கனம். இதுல அம்மிக்கல்லைப் போட்டாலும் மிதக்கும். எங்க ஊர்த் தண்ணியா இருந்தா இந்தச் சிராய் தொட்டியை ஓட்டை போட்டுட்டு இறங்கியிருக்கும்!”

பேச்சிக்கனி ஒரு கை தண்ணீர் அள்ளித் தூக்கிப் பார்த்தாள்.

“மெய்தான் அண்ணாச்சி. கனமாத்தான் இருக்கு.”

சுடலைக்கண்ணு வேன் சாவியை எடுத்துவிட்டார்.

“இம்புட்டுக் கனமான தண்ணியை உங்க பச்சப்பிள்ளைக் கன்னு எப்படி உறிஞ்சும்? மூச்சு முட்டிச் செத்துல்லா போகும். நான் வாழையே வச்சுக்கிடுதேன்” என்றாள் அவள். “கன்னை வேணும்னா எங்க வீட்டு வாசல்ல இறக்கிட்டுப் போங்க. ஆடு நாலு நிக்கி. எல்லாத்துக்கும் பல்லு நல்ல உறுதி.”