ஏரியின் கடைசி நாணல் புதர்

மலைமேல் ஓர் ஏரி இருந்தது. கோடை வந்தால் முள்ளம்பன்றி, மந்தி, முயல்கள், இன்னும் பல விலங்குகள் கீழ்க்காட்டை விட்டு அந்த ஏரிக்கரைக்கு வந்துவிடும். கீழே குட்டைகள் வற்றிப் பாறை சுடும். மேலே தண்ணீரும் நிழலும் இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கரையில் சொந்தமாக ஓர் இருப்பிடம் உண்டு. மழைக்காலம் தொடங்கியதும் எல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிடும்.

ஆண்டு முழுவதும் ஏரியிலேயே இருப்பவை மீன்களும், ஓர் ஆமையும், ஒரு தாழைக்கோழியும்தான். தாழைக்கோழி என்பது கறுத்த உடலும் சிவந்த நெற்றியும் கொண்ட நீர்ப்பறவை. நாணலுக்குள் கூடு கட்டும்.

கோடைக்கு வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. அதற்குக் 'கரை பார்க்கும் நாள்' என்று பெயர். அன்று எல்லாரும் சேர்ந்து கரையோரமாக நடப்பார்கள். ஒவ்வொரு வாசலாக நின்று பார்ப்பார்கள். எந்த வாசல் மிகச் சுத்தமோ, அந்த வீட்டுக்காரருக்கு அந்தக் கோடை முழுவதும் ஏரிக்குள் நீண்டிருக்கும் தட்டைப்பாறையில் உட்காரும் உரிமை.

மூன்று ஆண்டுகளாக முள்ளம்பன்றியே ஜெயித்தது. கரைக்குத் தலைவரும் அதுதான்.

"ரகசியம் ஒண்ணும் இல்லை!" என்று அது எல்லாரிடமும் சொல்லும். "நாணல்னா குப்பை! நான் வேரோட கடிச்சு எறிஞ்சுட்டேன். என் வாசல்ல நின்னு பாருங்க, அக்கரை தெரியும்!"

மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். மூன்றே கோடையில் கரை முழுவதும் மொட்டையாகிவிட்டது. ஒரு நாணல் புதர் மட்டும் மிஞ்சியது. அது பல ஆண்டுகளாக யாரும் வராத ஒரு வளைக்கு முன்னால் இருந்தது.

அந்த ஆண்டு அந்த வளைக்கு ஒரு கீரி குடிவந்தது.

அதே ஆண்டுதான் ஏரி பச்சையாகிப் போனது. தண்ணீர் நாறியது. காலையில் கரைக்குப் போனால் நாலைந்து மீன்கள் வயிற்றைக் காட்டி மிதந்தன. குடித்த முயல் குட்டிகளுக்கு வயிறு உப்பியது.

தலைவர் முள்ளம்பன்றி கூட்டம் போட்டது.

"எல்லா வாசலும் பளிச்சுனு இருக்கு. ஒரே ஒரு இடத்துலதான் அழுக்கு. அந்த நாணல் புதரைப் பார்த்தீங்களா? உள்ளே சேறும் சக்கையும்! அங்கேயிருந்துதான் நாத்தம் வருது. என்ன தம்பி கீரி, உன் வாசல்தானே?"

"ஆமாங்க தலைவரே. ஆனா நான் வந்து பத்து நாள்தான் ஆகுது."

"பத்து நாள் போதாதா? நாளைக்குக் கரை பார்க்கும் நாள். அதுக்குள்ள வெட்டிடு. நீ வெட்டலைனா காலையில நாங்க எல்லாருமா வந்து வெட்டுவோம்!"

கீரி தலையாட்டிவிட்டு வந்தது. வெட்டும் முன் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கலாமே என்று புதருக்குள் இறங்கியது. நாலு அடி போனதும் மூக்கில் ஒரு வாசனை பட்டது. முட்டை வாசனை! கீரிக்கு முட்டை என்றால் உயிர். அது மெதுவாக அடிமேல் அடி வைத்தது. கால் எங்கே படுகிறது என்று ஒருமுறை குனிந்து பார்த்தது.

அப்படியே நின்றுவிட்டது.

"யாரது?" என்று புதருக்குள்ளிருந்து ஒரு குரல் அதட்டியது. தாழைக்கோழி முட்டைகள்மேல் உட்கார்ந்திருந்தது.

"நான்தான்க்கா. பக்கத்து வளைக்கு வந்திருக்கிற கீரி."

"பக்கத்து வீட்டுக்காரரா வந்தீங்களா, சாப்பிட வந்தீங்களா? அதை முதல்ல சொல்லுங்க!"

கீரிக்குப் பொய் சொல்ல வரவில்லை. "சாப்பிடத்தான் வந்தேன். வழியில வேற ஒண்ணு கண்ணுல பட்டுச்சு."

"என்ன அது?"

"என் கால்!"

"அட! உங்க காலை நீங்க இதுவரைக்கும் பார்த்ததே இல்லையா?"

"தண்ணிக்குள்ள பார்த்ததில்லைக்கா. தலைவர் வாசல்ல இறங்கினா முட்டிக்குக் கீழே ஒண்ணும் தெரியாது. ஒரே பச்சை. இங்க என் நகம்கூடத் தெரியுது! ஏன்க்கா அப்படி?"

"எனக்கென்ன தெரியும்? இங்க எப்பவும் இப்படித்தான்" என்றது தாழைக்கோழி. பிறகு குரலைத் தாழ்த்தியது. "நாளைக்கு இதை வெட்டப் போறாங்களாமே? இன்னும் அஞ்சு நாள் போனா குஞ்சு பொரிஞ்சுடும். ஏழு முட்டை. அதுவரைக்கும் நான் எங்கே தூக்கிட்டுப் போவேன்?"

கீரி முட்டைகளை ஒருமுறை எட்டிப் பார்த்தது.

"சரி, விடுங்க. நீங்க தின்னாலும் போகும், அவங்க வெட்டினாலும் போகும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்!"

கீரி பின்னோக்கி நகர்ந்து கரையேறிவிட்டது. அன்று அதன் பசி ஒரு தவளையோடு தீர்ந்தது. கேள்வி தீரவில்லை. அழுக்குப் புதரைச் சுற்றித் தண்ணீர் ஏன் தெளிவாக இருக்கிறது? சுத்தமான வாசலில் தண்ணீர் ஏன் கலங்கியிருக்கிறது? நம் கண்தான் ஏமாற்றுகிறதோ? கண்ணை நம்பாமல் அளந்து பார்க்க ஏதாவது வழி உண்டா?

அது எழுந்து மந்தியிடம் ஓடியது.

"மந்தியக்கா! ஒரு நீளமான கொடியில முடிச்சுப் போட்டுத் தரீங்களா? சாணுக்கு ஒரு முடிச்சு. நுனியில இந்த வெள்ளைச் சிப்பியைக் கட்டணும்."

"எதுக்கு? ஊஞ்சல் கட்டி ஆடப் போறியா?"

"ஏரியை அளக்கப் போறேன்!"

"நாலு பேர் சிரிக்கிறதுக்கு நீயே வழி பண்ணிக்கிற. கொடு இப்படி!" என்ற மந்தி, உதட்டைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு முடிச்சாகப் போட்டுக் கொடுத்தது.

மறுநாள் காலை எல்லாரும் புதர் முன்னால் கூடிவிட்டார்கள். முள்ளம்பன்றி பல்லைத் தீட்டிக்கொண்டு நின்றது.

"என்ன தம்பி, இன்னும் வெட்டலையா?"

"தலைவரே, வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வேலை. இந்தச் சிப்பியைத் தண்ணியில இறக்குறேன். எத்தனாவது முடிச்சுல அது கண்ணை விட்டு மறையுதுனு நீங்களே எண்ணிச் சொல்லுங்க. முதல்ல உங்க வாசல்."

எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று முள்ளம்பன்றி ஒப்புக்கொண்டது. எல்லாரும் தலைவர் வாசலுக்குப் போனார்கள். சிப்பி இறங்கியது. ஒன்று. இரண்டு. காணோம்!

மந்தி வாசலில் மூன்றாவது முடிச்சில் மறைந்தது. முயல்களின் வாசலில் இரண்டாவது முடிச்சே போதுமாக இருந்தது.

பிறகு நாணல் புதரின் ஓரத்துக்கு வந்தார்கள். மூன்று. நான்கு. ஐந்து. குட்டி முயல்கள் சத்தமாக எண்ணத் தொடங்கிவிட்டன. ஆறு! ஏழு! ஏழாவது முடிச்சிலும் சிப்பி வெள்ளையாகத் தெரிந்தது. அதற்குமேல் தரை தட்டிவிட்டது.

"சிப்பியும் உன் பக்கம் சேர்ந்துடுச்சா?" என்றது முள்ளம்பன்றி. ஆனாலும் அது குனிந்து தண்ணீரை மறுபடியும் பார்த்தது. "சரி, இங்க தெளிவாத்தான் இருக்கு. அப்போ அழுக்கு எங்கேயிருந்து வருது?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். அடியில போய் வர்றவங்க யாராவது சொன்னாத்தான் தெரியும்."

அப்போது ஆமை தலையை நீட்டியது.

"ஆமை மச்சான்! தலைவர் வாசலுக்கு நேரா ஏரி அடியில என்ன இருக்கு?" என்று கீரி கேட்டது.

"பலாத்தோல்" என்றது ஆமை. "மெத்தை மாதிரி கிடக்கு. அழுகிப்போய் நாறுது. மீனுங்க மூச்சு முட்டிச் சாகுது."

"எவ்வளவு நாளா?"

"மூணு கோடையா."

"மூணு கோடையாவா!" என்று மந்தி கத்தியது. "ஏன்யா எங்ககிட்ட சொல்லலை?"

"யார் கேட்டீங்க? வருஷா வருஷம் வந்து கரையைப் பார்த்தீங்க. ஏரியை எவன் பார்த்தான்?" ஆமை முழுகியது. சிறிது நேரம் கழித்து வாயில் ஒரு துண்டுடன் மேலே வந்தது. அழுகிய பலாத்தோல். அதில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நீண்ட முள் குத்தியிருந்தது.

முயல்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன. மந்தி பொத்திக்கொள்ளவில்லை.

முள்ளம்பன்றியின் உடம்பெல்லாம் சிலிர்த்தது. "சிரிக்காதீங்க! அது என் முள்தான். அந்தப் பலாவும் நான் தின்னதுதான். ஆனா தண்ணியில நான் ஒரு துண்டுகூடப் போட்டதில்லை! எல்லாத்தையும் வளைக்குப் பின்னால மேட்டுலதான் கொட்டுவேன். தோலுக்குக் காலா முளைச்சுது, தானா நடந்து வர்றதுக்கு?"

அது சொன்னது உண்மை. அதன் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது.

"எனக்கும் தெரியலைங்க. வாங்க, பின்னால போய்ப் பார்த்துடலாம்" என்றது கீரி.

இத்தனை ஆண்டுகளில் ஒருவர் வீட்டின் பின்பக்கத்தை மற்றவர் பார்த்ததே இல்லை. கரை பார்க்கும் நாளில் வாசலை மட்டும்தானே பார்ப்பார்கள்! அன்று முதல்முறையாக எல்லாரும் மேட்டில் ஏறினார்கள். ஒவ்வொரு வீட்டின் பின்னாலும் ஒரு குவியல் இருந்தது. பலாத்தோல், மாங்கொட்டை, கிழங்குத்தோல், அழுகிய தழை. முந்தின நாள் சாயங்காலம் ஒரு கோடைமழை பெய்திருந்தது. ஒவ்வொரு குவியலிலும் பாதி கரைந்து போயிருந்தது. அதன் கீழிருந்து மழைத்தண்ணீர் ஓடிய தடம் கிளம்பியது.

தலைவரின் குவியலிலிருந்து போன தடத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் வரிசையாக நடந்தார்கள். அது வளையைச் சுற்றி, பளிச்சென்று துடைத்த வாசல் வழியாக, எதுவும் தடுக்காமல் நேரே ஏரிக்குள் இறங்கியது.

"முன்னெல்லாம் இங்க நாணல் இருந்துச்சு" என்று முயல் ஒன்று மெதுவாகச் சொன்னது.

அடுத்து, கீரியின் வளைப் பக்கமாக இறங்கிய தடத்தைத் தொடர்ந்தார்கள். மூன்று வீட்டுக் குவியல்களின் தண்ணீர் அங்கே ஒன்றாகச் சேர்ந்து நாணல் புதருக்குள் போயிருந்தது. உள்ளே தண்டுகளுக்கு இடையில் தோலும் தழையும் சேறும் சிக்கி நின்றன. புதரின் மறுபக்கம் தண்ணீர் மட்டும் தெளிந்து வெளியேறியிருந்தது.

முள்ளம்பன்றி மூக்கை உள்ளே நுழைத்து வெகுநேரம் பார்த்தது.

"இந்தக் கிழங்குத்தோல் யாருது?"

"எங்களுது" என்றன முயல்கள்.

"மாங்கொட்டை?"

மந்தி வேறு எங்கோ பார்த்தது.

"இந்த நண்டு ஓடு?"

கீரிக்குக் காது சூடானது. அடுத்தவர் குப்பையைக் கண்டுபிடிக்கக் கிளம்பிய அது, தன் குப்பையைப் பற்றி ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

"என்னுதுங்க" என்றது. "நானும் பின்னாலதான் கொட்டினேன். பத்தே நாள்ல இவ்வளவு!"

முள்ளம்பன்றி நிமிர்ந்தது. "அப்போ இது புதரோட அழுக்கு இல்லை. நம்ம அழுக்கு! ஏரிக்குள்ள விடாம இது புடிச்சு வெச்சிருக்கு. அதனாலதான் நமக்கு அசிங்கமாத் தெரிஞ்சிருக்கு."

"பேசி முடிச்சாச்சா?" புதருக்குள்ளிருந்து தாழைக்கோழி கத்தியது. "வெட்டப் போறீங்களா, இல்லையா? நான் உட்காரணுமா, எழுந்து போகணுமா? அதைச் சொல்லுங்க முதல்ல!"

எல்லாரும் தலைவரைப் பார்த்தார்கள். முள்ளம்பன்றி தொண்டையைச் செருமிக்கொண்டது.

"நீ உட்காரும்மா! யாரும் வெட்ட மாட்டோம்."

ஐந்தாம் நாள் ஆறு குஞ்சுகள் பொரிந்தன. ஒன்று கூமுட்டையாகிவிட்டது. அது எங்கே போனது என்று கீரியிடம் யாரும் கேட்கவில்லை. கறுப்புப் பஞ்சு உருண்டைகள் போல ஆறும் தாயின் பின்னால் நீந்தின. அவை நாணல் ஓரத்தை விட்டு அப்பால் போகவில்லை. அங்கேதான் தண்ணீர் தெளிவாக இருந்தது. அதைப் பார்த்த விலங்குகள், புதரின் ஓரத்திலிருந்து நாணல் வேர்களைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்து எடுத்துப் போய்த் தங்கள் வாசலில் நட்டன. முதல் வேரை நட்டது தலைவர்தான். நடும்போது, "இது வளர்ந்தா எனக்கு அக்கரை தெரியாதே!" என்று முணுமுணுத்தது. ஆனாலும் நட்டது.

மேட்டில் இருந்த குவியல்களை என்ன செய்வது? அதற்கு இன்னொரு கூட்டம் நடந்தது.

"இது ஒரு விஷயமா?" என்றது மந்தி. "மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம் கொட்டிடலாம்! தண்ணி அந்தப் பக்கமா ஓடிடும். நம்ம ஏரிக்கு ஒண்ணும் ஆகாது. இங்கேயிருந்து பார்த்தா தெரியவும் தெரியாது!"

"அருமை! அருமை!" என்று எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். கீரியும் செய்தது. கூட்டம் முடிந்தது என்று எழுந்துவிட்டார்கள்.

முள்ளம்பன்றி மட்டும் எழவில்லை.

"ஒரு நிமிஷம்! அந்தப் பக்கம் யார் இருக்கா?"

யாருக்கும் தெரியவில்லை. ஒருவரும் அந்தப் பக்கம் போனதில்லை.

"அப்போ போய்ப் பார்த்துட்டு வந்துடலாம்" என்று முள்ளம்பன்றி முன்னால் நடந்தது. எல்லாரும் மூச்சு வாங்க மேட்டின் உச்சிக்கு ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார்கள்.

கீழே ஒரு சின்ன ஊற்று இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு மான், பிறந்து சில நாளே ஆன தன் குட்டிக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தது. சத்தம் கேட்டு அது நிமிர்ந்து பார்த்தது.

"யாருங்க நீங்கள்லாம்? வழி தெரியாம வந்துட்டீங்களா?"

முள்ளம்பன்றி ஊற்றையும் மான்குட்டியையும் மாறி மாறிப் பார்த்தது.

"ஒண்ணுமில்லைம்மா. இங்க யாராவது இருக்கீங்களானு பார்க்க வந்தோம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி இறங்கியது. நேரே தன் வளையின் பின்பக்கம் போனது. யாரிடமும் எதுவும் சொல்லாமல், தன் குவியலைப் புதைக்கத் தானே குழி தோண்டத் தொடங்கியது. சற்று நேரத்தில் ஒவ்வொரு வீட்டின் பின்னாலிருந்தும் மண் பறிக்கும் சத்தம் கேட்டது.

நம் வாசலை விட்டுக் குப்பை போய்விட்டது என்று நிம்மதி அடைவதற்கு முன், அது யார் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தது என்று ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.