செட்டியார் நின்ன பக்கம்

ஒரு ஊர்ல ஒரு வைரவன் செட்டியார். ஐம்பத்தாறு வயசு, அதுல பாதி, அடுத்தவங்களைத் திருத்துறதுலயே போச்சு. ஏன் சிரிக்கிறே? தாத்தா இல்ல, வேற ஒருத்தர். ம் சொல்லு.

அவரோட சிநேகிதர் கம்பளக்கடை மீரான் ராவுத்தர். தினம் சாயங்காலம் செட்டியார் வீட்டுலதான் டீ. அவர் கடையில செட்டியார் ஒரு பழைய ஈரான் கம்பளம் வாங்கினார். பீட்ரூட் சிவப்பு, நடுவுல பெரிய பூ, சுத்தி மான் ஓடுது.

அப்புறம் வீட்டுல சர்ர்ருனு விரிச்சு, வாசப்பக்கம் நாற்காலி போட்டு உக்காந்தார். பார்த்தா, துவைச்ச துண்டு மாதிரி வெளுத்துக் கிடக்கு!

அப்போ விளக்கை மாத்தினார். வெளுப்பு. பட் பட்னு தூசி தட்டினார். வெளுப்பு. வினிகர்த் தண்ணியில துடைச்சார். வெளுப்பு, நாத்தம் வேற. ஒவ்வொரு தடவையும் அடுப்படியிலேர்ந்து அவர் சம்சாரம் உமையாள் எட்டிப் பார்த்து, "நல்லாச் செவப்பாத்தானே இருக்கு"ன்னா. உனக்கு என்ன தெரியும்னுட்டார்.

அப்புறம் நேராக் கடைக்குப் போனார். பத்துப் பேர் முன்னாடி, நல்லதைக் காட்டிட்டு வேறதைக் கட்டிக் குடுத்தீருன்னார். 

அப்புறம் மூணு நாள் ராவுத்தர் டீக்கு வரலை. செட்டியாருக்கு டீ இறங்கலை. ஆனா தப்பு தன்னோடதா இருக்கும்னு மட்டும் தோணலை. ம்?

நாலாம் நாள் ராவுத்தர் வந்தார். கம்பளத்தை எடுத்துட்டுப் போயிடறேன், இனிமே உங்களுக்குத் தொந்தரவு இல்லைன்னு குனிஞ்சு சுருட்ட ஆரம்பிச்சார். அப்போ உமையாள் டீயை வந்து வாங்கிக்கச் சொன்னா. செட்டியார் அடுப்படிக்குப் போய், ரெண்டு டம்ளரோட திரும்பினார். நின்னுட்டார்.

கம்பளம் பீட்ரூட் சிவப்பு!

குனிஞ்சு தடவினார். இப்படித் தடவினா மழமழ, அப்படித் தடவினா சொரசொர. பூனை முதுகேதான். மயிரெல்லாம் ஒரே பக்கமாச் சாஞ்சிருக்கு. சாஞ்ச பக்கம் நின்னா சிவப்பு, எதிர்ப்பக்கம் வெளுப்பு. கம்பளம் வந்த நாள்லேர்ந்து மனுஷன் அடுப்படிப் பக்கம் தாண்டலை.

மன்னிப்புன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துது, வெளியில வரலை. பழக்கமில்ல பாரு. அதனால கம்பளத்து மேலயே தொப்புனு உக்காந்துட்டார். சுருட்ட முடியாதே!

"டீ ஆறுது, ராவுத்தரே."

"வெளுத்த கம்பளமாச்சே, செட்டியாரே?"

"நான் நின்ன பக்கம்தான்யா வெளுப்பு."

ராவுத்தர் டம்ளரை வாங்கிப் பக்கத்துல உக்காந்தார்.

நம்ம கூடத்துல கிடக்கறது அதுவான்னு கேக்காதே. கம்பளத்தைச் சுருட்டலை, கதையைச் சுருட்டியாச்சு. கண்ணை மூடு.