எதிர் நாற்காலி

மேலப்பாளையத்தில் கல்யாண வீடுகளுக்கு வீடியோ எடுக்கும் ரமீஜாவிடம் பூதத்தான் சீடராகச் சேர்ந்தபோது, அவருக்கு அறுபது தாண்டியிருந்தது. அவளுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு வீடியோ கேமராவைத் துண்டில் சுற்றிக்கொண்டு கடை வாசலில் வந்து நின்றதும், பேரப்பிள்ளைக்குப் பிறந்தநாள் போலிருக்கிறது என்று அவள் நினைத்தாள்.

விஷயம் அதுவல்ல. அவர் மனைவி உலகம்மாளுக்குத் தொண்டையில் கட்டி. மாதக் கடைசியில் ஆபரேஷன். உயிருக்குப் பயமில்லை, ஆனால் குரல்வளையை எடுத்தாக வேண்டும், அதற்குப் பிறகு இந்தக் குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குள் அதை நல்லபடியாகப் பிடித்து வைத்துவிட வேண்டும் என்று பூதத்தான் துடித்துக்கொண்டிருந்தார்.

"இருக்கதுலயே நல்ல மைக் எது? அதைச் சொல்லு தாயி, வாங்கிப்போடுதேன்."

ரமீஜா கேமராவைக் கையில் வாங்கினாள். அவர் வீட்டில் ஏற்கெனவே பதிவு செய்திருந்ததை ஓடவிட்டு, ஹெட்போனை அவர் தலையில் மாட்டினாள்.

ஃபேன் மழை மாதிரி இரைந்தது. ஃப்ரிட்ஜ் உறுமியது. உலகம்மாள் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோலக் கேட்டது. எல்லாவற்றுக்கும் மேலே ஓர் ஆண்குரல், "ஆங், சொல்லு. சத்தமாச் சொல்லு. ரைட், போலாம்" என்று ஹெட்போனுக்கு வெளியேயும் கேட்கும்படி காதைக் கிழித்தது.

"யாரு அண்ணாச்சி இது?"

பூதத்தான் வெட்கப்பட்டு ஹெட்போனைக் கழற்றினார்.

"கேமராவுக்கு ஆள் தராதரம் தெரியாது. பக்கத்துல யாரு நிக்காங்களோ அவங்களைத்தான் கேக்கும்" என்றாள் ரமீஜா.

மனிதர் காலமெல்லாம் எஞ்சினுக்கு மேலே கத்திப் பிழைத்தவர். இரைச்சல் அவர் காதுக்கு இரைச்சலாகவே படாது. அதனால் பாடம் அங்கேயிருந்து தொடங்கியது. எதையும் பதிவு செய்யாமல், கேமராவில் ஹெட்போனைச் செருகிக்கொண்டு வீட்டைச் சும்மா கேட்கச் சொன்னாள். புடவைத் தலைப்பில் குத்துகிற சின்ன மைக் ஒன்றை இரவல் கொடுத்தாள். ஃப்ரிட்ஜை அணைத்தால் வீட்டுச் சாவியை அதற்குள்ளேயே வைக்கச் சொன்னாள். அப்போதுதான் வெளியே கிளம்பும்போதாவது மறுபடி போட ஞாபகம் வரும், பால் கெடாது. கடைசியாக ஒன்று சொன்னாள், பதிவு ஓடும்போது அவர் வாயைத் திறக்கவே கூடாது. மற்றதெல்லாம் அவருக்குச் சுலபமாக வந்தது. இதுதான் உயிரை வாங்கியது.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் மறுபடி வந்தார். முகம் செத்துப்போயிருந்தது.

ரமீஜா கேட்டுப் பார்த்தாள். ஃபேன் இல்லை, ஃப்ரிட்ஜ் இல்லை, தெருச் சத்தம்கூட இல்லை. உலகம்மாளின் கரகரத்த குரல் காதோரம் வந்து நின்றது. "எனது பெயர் உலகம்மாள். எனது சொந்த ஊர் ஆலங்குளம்." இன்ஸ்பெக்டர் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோல அது கடைசிவரை போயிற்று.

"சத்தம் அருமையா வந்திருக்கே அண்ணாச்சி."

"வந்திருக்கு தாயி. ஆனா இது அவ இல்லையே. இத்தனை வருசத்துல அவ எங்கிட்ட இவ்வளவு மரியாதையாப் பேசினதே கிடையாது."

இவ்வளவு மெதுவாக அவர் பேசி ரமீஜா கேட்டதில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே கண்ணும் கலங்கியது. கடையைப் பூட்டினாள். அவரை ஸ்கூட்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

உலகம்மாள் சாப்பாட்டு மேஜையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். கேமராவைக் கண்டதும் தலைமுடியைச் சரிசெய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீங்கபாட்டுக்கு வேலையைப் பாருங்க மதினி என்று சொல்லி, ரமீஜா அவள் தலைப்பில் மைக்கைக் குத்தினாள். கேமராவை ஸ்டாண்டில் வைத்து ஓடவிட்டாள். பூதத்தான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றார்.

ரமீஜா ஒரு நாற்காலியை இழுத்து உலகம்மாளுக்கு எதிரே போட்டாள். அவரை ஹெட்போனோடு கூட்டிவந்து அதில் உட்காரவைத்து, கையில் ஒரு கொத்துக் கீரையைக் கொடுத்தாள்.

"நான் பேசலாமா?"

"நீங்க பேசாட்டா அவங்க யாரைத் திட்டுவாங்க?"

அவர் கீரையை உருவ ஆரம்பித்தார். உலகம்மாள் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள்.

"என்ன கோலம் இது, காதுல ரெண்டு கொட்டாங்கச்சியக் கட்டிக்கிட்டு? காம்பு பூரா கீரையோட விழுது. உங்களை எவன் கூப்பிட்டான் இந்த வேலைக்கு?"

"ஏளா, ஒரு காம்புக்கு இந்தப் பாடா?"

"ஒண்ணா? குனிஞ்சு பாருங்க. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டா இதைத்தான் ஆக்கித் தின்னப்போறீங்களா?"

பூதத்தான் சிரித்தார். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் கோணிவிட்டது. அதை மறைக்க ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டார்.

ரமீஜா பக்கத்தில் வந்து அதை மெதுவாகக் கழற்றினாள்.

"சத்தம் சரியா வருதான்னு நான் கேக்க வேண்டாமா தாயி?"

அவள் அதைத் தன் காதில் மாட்டிக்கொண்டாள்.

"அதை நான் கேட்டுக்கிடுதேன். பதிவானதை அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் கேக்கலாம் அண்ணாச்சி. இன்னைக்கு நேர்ல கேளுங்க."