எழுத்துக்குக் குல்லா

“அம்மா, இந்த p-க்கு எப்படிக் குல்லா போடறது?”

சபுரா நிமிராமலே கேட்டார்: “யாருக்குப் போடப் போறீங்க, சார்?”

கேட்டவர் உதவிப் பேராசிரியர் திருமேனிநாதன். வயது ஐம்பத்திரண்டு. வாழைக்குக் காப்பீடு எடுக்கும் விவசாயிகளைப் பற்றி ஏழு வருடமாக எழுதிய ஆய்வேடு கக்கத்தில் இருந்தது. திருத்தச் சொல்லி இரண்டு முறை திரும்பி வந்தது.

சபுரா பல்கலைக்கழக வாசலுக்கு எதிரே ஆய்வேடு தட்டச்சு செய்பவர். வயது இருபத்தொன்பது. இதுவரை நூற்றுப்பத்து ஆய்வேடுகள். அவற்றில் பலவற்றை முழுதாகப் படித்தவர் அவர் ஒருவரே.

“கிண்டல் வேண்டாம்மா. தேர்வாளர் ஓரத்துல எழுதியிருக்கார், பாருங்க. ‘p-க்குக் குல்லா எங்கே?’ இந்தத் தடவை அது ஒண்ணுதான் குறை. அஞ்சு மணிக்குள்ள எதிர் ஆபீஸ்ல கொடுத்துடணும். விட்டா ஆறு மாசம். பதவி உயர்வு அதோட போச்சு.”

“p-ன்னா?”

“காப்பீடு எடுத்தவங்க விகிதம்.”

“மாவட்டத்துல எல்லாரையும் பாத்தீங்களா?”

“நானூறு பேரை.”

“அப்ப குல்லா வேணும்தான். தமிழ்ல எழுத்து மேல புள்ளி வச்சா மெய். உங்க பாடத்துல குல்லா வச்சா உத்தேசம்.”

அவர் சிரித்தார். நேரம் இருந்திருந்தால் குறித்துக்கொண்டிருப்பார்.

சபுரா பக்கத்துக் கணினியில் அவருடைய ஆய்வேட்டைத் திறந்து, விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினார்.

“p அடிங்க. ஒட்டியே 0302. இப்ப ஆல்ட்டும் எக்ஸும் சேர்த்து.”

எண்கள் மறைந்தன. தலையில் குல்லா உட்கார்ந்தது: p̂.

“அட! இதையும் சேமிச்சு வச்சுடுங்கம்மா, நம்ம முடிவு வாக்கியம் மாதிரி. ‘முடி’ன்னு அடிச்சு எஃப் மூணை அழுத்தினா முழுசா வந்து நிக்குமே, அப்படி.”

சேமித்துக் கொடுத்தார்.

அட்டவணை ஒன்று, குல்லா. அட்டவணை இரண்டு, குல்லா. நான்கு மணிக்குள் முப்பத்தொன்றும் முடிந்துவிட்டன.

“சார், அட்டவணைக்குக் கீழே படிச்சீங்களா?”

“எதுக்கு? எல்லாத்துலயும் ஒரே வாக்கியம்தானே.”

சபுரா எழுந்து வந்தார். புதிதாக ஒரு வெற்றுப் பக்கத்தைத் திறந்தார். ‘முடி’ என்று அடித்தார். எஃப் மூன்றை அழுத்தினார்.

வெள்ளைத் திரையில் வாக்கியம் வந்து நின்றது:

இவ்விரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு உண்டு.

“எந்த ரெண்டுக்கு, சார்?”

“அது... வெறும் பக்கம்மா.”

“ஆமா.”

தன் நாற்காலிக்குத் திரும்பி, வேறு யாருடைய ஆய்வேட்டையோ அடிக்கத் தொடங்கினார்.

திருமேனிநாதன் கடிகாரத்தைப் பார்த்தார். முதல் அட்டவணைக்குப் போனார். எண்களைப் படித்தார், கீழே இருந்த வாக்கியத்தைப் படித்தார், தலையாட்டினார். இரண்டாவதற்கும் தலையாட்டினார்.

ஒன்பதாவதில் தலை நின்றது.

நன்செய்க்காரர்களில் காப்பீடு எடுத்தவர்கள் நூற்றுக்கு அறுபத்திரண்டு. புன்செய்க்காரர்களில் நூற்றுக்கு அறுபத்தொன்று. கீழே, வேறுபாடு உண்டு.

“தேர்வாளர் இதைப் பாக்கலைம்மா.”

“குல்லாவைத்தான் பாத்திருக்கார்.”

“இப்படியே கொடுத்தா வாங்கிக்குவாங்க.”

“வாங்கிக்குவாங்க, சார்.”

“இன்னும் இருபத்திரண்டு அட்டவணை இருக்கு.”

“இருக்கு.”

எதிர் அலுவலகத்தில் ஜன்னல்களை ஒவ்வொன்றாகச் சாத்தத் தொடங்கினார்கள்.

திருமேனிநாதன் நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். ‘உண்டு’ என்பதை அழித்தார்.

“‘இல்லை’ன்னு முடியற வாக்கியம் ஏதாவது சேமிப்புல இருக்காம்மா?”

“இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை, சார்.”