நொச்சிக்குட்டையில் மலை கட்டினது

நொச்சிக்குட்டைக்காரர்களுக்கு ஒரு குணம். ஒருத்தர் சொன்னதை மறக்க மாட்டார்கள், மாற்ற மாட்டார்கள், யோசிக்கவும் மாட்டார்கள்.

அந்த ஊர் சென்னியப்பனுக்கு அப்போது ஒரே கவலை. மகள் கோகிலவாணியை அன்னூரில் கேட்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா சின்னவேலப்பன் நகையைப் பற்றி வாயே திறக்கவில்லை. "நிச்சயத்தன்னைக்குப் பொண்ணு சொந்தக் காருல இருந்து இறங்கோணும். பத்து சனம் பாக்கோணும். வெள்ளிக்கிழமை பத்தரைக்குள்ள ஆகோணும், இல்லீன்னா வேற இடம் பாத்துக்கறோமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். சென்னியப்பனிடம் இருந்தது ஒரு மொபெட்.

கோத்தகிரியில் ஒரு டீ ஃபேக்டரி மேனேஜர், மூன்று வருஷம் ஓட்டிய கரண்டு காரை விற்கிறார் என்று தெரிந்தது. தம்பி மருதாசலத்தையும் மச்சான் ஆறுக்குட்டியையும் கூட்டிக்கொண்டு சென்னியப்பன் பஸ் ஏறினார்.

கார் யானைக்குட்டி மாதிரி நின்றது. ஏழு பேர் உட்காரலாம். "நின்ன இடத்துல இருந்து நூறு வேகத்தைத் தொட நாலே செகண்டுங்க" என்றார் மேனேஜர்.

மூன்று பேரும் தள்ளிப்போய்க் கூடிப் பேசினார்கள்.

"நாலு செகண்டுல ஏழு பேர் எப்படி மச்சான் ஏறி உக்காருவாங்க?" என்றான் ஆறுக்குட்டி.

"உக்காந்துக்கிட்டுக் கிளப்பலாமே" என்றான் மருதாசலம்.

சென்னியப்பனுக்குத் தம்பியை நினைத்துப் பெருமையாக இருந்தது. வாங்கிவிட்டார்கள்.

மேனேஜர் சாவியைக் கையில் வைத்து மூன்று விஷயம் சொன்னார். "எண்பது பர்சென்ட்டுக்கு மேல சார்ஜ் ஏத்தாதீங்க. இருபதுக்குக் கீழ இறங்க விடாதீங்க. மலையிறக்கத்துல வந்தா அதுவா கொஞ்சம் ஏறிக்கும்." பிறகு கறுப்பாய், தடிமனாய் ஒரு ஒயரைக் கொடுத்தார்.

"அதுவாவே ஏறும்போது இது எதுக்குங்க?" என்றார் சென்னியப்பன்.

"வச்சுக்குங்க" என்றார் அவர். வைத்துக்கொண்டார்கள்.

மலை இறங்கும்போது சார்ஜ் மீட்டர் எழுபத்தேழு காட்டியது. அப்புறம் எழுபத்தெட்டு. ஒரு கொண்டை ஊசி வளைவில் எண்பது வந்ததும் சென்னியப்பன், ஓட்டிக்கொண்டிருந்த மருதாசலத்தின் தோளைப் பிடித்துவிட்டார். "நிறுத்துடா. இதுக்கு மேல ஏறப்படாது."

காரைத் திருப்பி மேலே ஓட்டினார்கள். எழுபத்தெட்டுக்கு வந்தது. மறுபடி இறங்கினார்கள். எண்பது. மறுபடி ஏறினார்கள். வளைவில் கேரட் விற்றுக்கொண்டிருந்த அம்மா நாலாவது தடவை பார்த்ததும் கேட்டாள்: "ஏனுங்க, வீடு எங்கீன்னு மறந்து போச்சுங்களா?"

கடைசியில் ஆறுக்குட்டிதான் வழி கண்டுபிடித்தான். ஏசியை முழுசாக வைத்தார்கள். ஹெட்லைட், வைப்பர், ரேடியோ எல்லாவற்றையும் போட்டார்கள். பல் கிடுகிடுக்க, தலையில் துண்டைப் போர்த்திக்கொண்டு, சரியாக எண்பதோடு மேட்டுப்பாளையம் வந்து இறங்கினார்கள்.

ஊருக்கு வந்ததும் அந்த ஒயர் முருங்கை மரத்துக்கும் பாத்ரூம் தூணுக்கும் அளவெடுத்த மாதிரி இருந்தது. துணி காயப்போடக் கொடியாகக் கட்டினார்கள்.

நாலு நாள் சொந்தபந்தத்துக்கெல்லாம் காரைக் காட்டினார்கள். வியாழக்கிழமை காலையில் பார்த்தால் இருபத்தொண்ணு. அன்னூருக்கு இருபது கிலோமீட்டர்.

"கிளம்புனா இருபதுக்குக் கீழ போயிரும்" என்றார் சென்னியப்பன்.

கோகிலவாணி சொன்னாள்: "அப்பா, கொடியா கட்டியிருக்கற ஒயரை அவுத்துப் பிளக்குல சொருகுனா ஏறுமுங்கப்பா."

"உன்ற சேலை ஈரமா கெடக்குது கண்ணு" என்றார் அவர்.

பெரியவர்கள் கூடினார்கள்.

"இறக்கம் வேணும். கோத்தகிரிக்குப் போலாமா?"

"மேல ஏறுனா இருபதுக்குக் கீழ போயிருமே."

"அப்ப மலைதான் இங்க வரோணும்" என்றான் மருதாசலம். பெரியவர்கள் நகர்ந்து அவனுக்கு நடுவில் இடம் விட்டார்கள். அவ்வளவு மரியாதை.

வீட்டுக்கு எதிரே இருந்த காலி நிலத்தில் மம்பட்டி விழ ஆரம்பித்தது. வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்குள் ஒரு ஆள் உயரத்துக்கு மேடு நின்றது. மண் எடுத்த இடத்தில், மேட்டின் இறக்கம் முடிகிற இடத்திலேயே, ஒரு ஆள் ஆழத்துக்குக் குழி. குழியைப் பற்றி மேனேஜர் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை.

ஓட்டினால் சார்ஜ் குறையும் என்று, பன்னிரண்டு பேர் கயிறு கட்டிக் காரை மேட்டுக்கு இழுத்தார்கள். இறங்குகிற வேகத்திலேயே அன்னூர் போய்விடலாம் என்று கோகிலவாணியைப் பட்டுச் சேலையோடு பின்னால் உட்காரவைத்தார்கள். மருதாசலம் பிரேக்கை விட்டான். கார் மெதுவாக இறங்கியது. மெதுவாகக் குழிக்குள்ளும் இறங்கியது. ஈர மண்ணில் மெத்தென்று நின்றது.

பத்து மணிக்குப் போன் வந்தது. "கிளம்பியாச்சுங்களா?" என்றார் சின்னவேலப்பன்.

"காருல ஏறி உக்காந்தாச்சுங்க" என்றார் சென்னியப்பன். பொய் சொல்லத் தெரியாதவர்.

இன்னும் கிளம்பவில்லை, பத்தரை தாண்டிவிடும் என்று சின்னவேலப்பன் மகனையும் தட்டுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு அவரே புறப்பட்டு வந்தார். வரும்போது மணி பத்து இருபத்தஞ்சு. குழியோரம் நின்று எட்டிப் பார்த்தார். கோகிலவாணி கதவைத் திறந்து இறங்கி, சேலையைத் தூக்கிப் பிடித்து, குழி வெட்டியவர்கள் போட்டிருந்த ஏணியில் ஏறி வந்தாள்.

"சொந்தக் காருங்களா?"

"ஆமாங்க."

சின்னவேலப்பன் கயிற்றுக்காரர்களை விரல் விட்டு எண்ணினார். பன்னிரண்டு. "பொண்ணு இறங்கிருச்சு. பத்துக்கு ரெண்டு கூடவே பாத்துருச்சு. அப்பறம் என்னங்க?"

அங்கேயே தட்டு மாற்றினார்கள். சென்னியப்பன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வெற்றிலை போட்டுக்கொண்டே சின்னவேலப்பன் கேட்டார்: "இப்ப மீட்டர் எத்தனை காட்டுது?"

"இருபத்திரண்டுங்க" என்று மருதாசலம் குழிக்குள்ளிருந்து சொன்னான். "மேல இருக்கறப்ப இருபத்தொண்ணு."

சின்னவேலப்பன் குழியையும் மேட்டையும் ரொம்ப நேரம் பார்த்தார். "ஒரு ஆள் ஆழத்துக்கே ஒண்ணு ஏறியிருக்குது" என்று வேட்டியை மடித்துக் கட்டினார். "கல்யாணத்துக்கு நாப்பது நாள் கெடக்குதுங்க சம்பந்தி. மம்பட்டியைக் குடுங்க, இன்னும் ஆழமா வெட்டலாம்."

சென்னியப்பன் மம்பட்டியை எடுத்து நீட்டினார். ஆனால் பிடியை விடவில்லை.

"வெட்டலாமுங்க சம்பந்தி. எண்பது வந்ததும் நிறுத்திப்போடோணும்."